ஆசிரியர் மாநாடுகளில் விருந்தும் சுற்றுலாவும்: அமெரிக்க வரலாறு

ஆசிரியர் மாநாடு என்றால் தலைமையுரை, கருத்தரங்கம், தீர்மானம் ஆகியவையே பெரும்பாலும் பதிவு செய்யப்படுகின்றன. மாநாட்டுக்கு வந்தவர்கள் மாலையில் எங்கே போனார்கள், யாருடன் அமர்ந்து சாப்பிட்டார்கள் என்பதை வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆசிரியர் சங்கங்கள் வளர்ந்த வரலாற்றில் அந்த மாலை நேரத்துக்கு முக்கிய இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சில நூறு பேர் கூடிய ஒரு சங்கம் பல்லாயிரம் பேர் கூடும் சங்கமாக வளர இரயில் சுற்றுலா துணை நின்றது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அத்தகைய சங்கங்களின் நேர்மை சோதிக்கப்பட்டபோது, சோதனை நடந்த இடம் மாநாட்டு மேடையன்று, மாநாட்டு விருந்து மேசை.

இக்கட்டுரை அந்த இரண்டு கட்டங்களையும் விவரிக்கிறது. முதல் கட்டத்துக்குப் பள்ளி ஆசிரியர்களின் தேசியக் கல்விச் சங்கமும், இரண்டாம் கட்டத்துக்குக் கல்லூரிக் கணித ஆசிரியர்களின் அமெரிக்கக் கணிதச் சங்கமும் முதன்மையான எடுத்துக்காட்டுகள் ஆகும்.

தொடக்கக் காலம்

1857 ஆகஸ்ட் மாதத்தில் ஃபிலடெல்ஃபியா நகரில் 43 கல்வியாளர்கள் கூடித் தேசிய ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கினர். நிறுவன உறுப்பினர்களுள் கறுப்பினத்தவர் ஒருவர் மட்டுமே இருந்தார். அவர் ஜமைக்காவில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் ஆசிரியராகப் பணியாற்றிய ராபர்ட் கேம்ப்பெல். பெண்களுக்கு முழு உறுப்புரிமை தொடக்கத்தில் இல்லை. 1866ஆம் ஆண்டில்தான் அந்த வழி திறந்தது. 1870இல் வேறு கல்வி அமைப்புகளும் இணைந்தபின், இச்சங்கம் தேசியக் கல்விச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது.

முதல் கால் நூற்றாண்டில் இச்சங்கத்தின் ஆண்டு மாநாடு சிறிய கூட்டமாகவே இருந்தது. கல்லூரித் தலைவர்களும் பள்ளிக் கண்காணிப்பாளர்களும் வந்து கட்டுரை படித்தனர். நாடு பரந்தது, பயணச் செலவு அதிகம், ஆசிரியர் சம்பளமோ குறைவு. சாதாரணப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாநிலத்தைத் தாண்டிச் சென்று மாநாட்டில் கலந்துகொள்வது அரிதாக இருந்தது.

மேடிசன் மாநாடு, 1884

இந்த நிலையை மாற்றியவர் 1884ஆம் ஆண்டு சங்கத் தலைவராக இருந்த தாமஸ் பிக்னெல். கல்வி இதழ் ஒன்றின் ஆசிரியராகவும் இருந்த அவர் விளம்பரத்தின் பயனை அறிந்தவர். அவ்வாண்டு மாநாடு விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசனில் கூடியது. மெண்டோட்டா, மொனோனா என்னும் இரு ஏரிகளுக்கு நடுவே அமைந்த அழகிய ஊர் அது. முந்தைய மாநாடுகளுக்குச் சில நூறு பேரே வந்திருக்க, மேடிசனில் பல்லாயிரம் பேர் திரண்டனர். கல்விப் பொருட்காட்சி ஒன்றும் உடன் நடந்தது. பெண் கல்வியாளர்கள் மேடையேறி உரையாற்றினர்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் ஓர் ஏற்பாடு நிலைபெற்றது. இரயில் நிறுவனங்கள் மாநாட்டுக்குச் செல்வோரிடம் ஒருவழிக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இருவழிப் பயணச்சீட்டு அளித்தன. அதனுடன் சங்கத்தின் உறுப்பினர் கட்டணமாகிய 2 டாலரையும் சேர்த்து வசூலித்துச் சங்கத்திடம் கொடுத்தன. மாநாடு முடிந்தபின் சில வாரங்கள் கழித்தும் திரும்பலாம் என்ற சலுகையும் பல நேரங்களில் உண்டு. எனவே மாநாட்டுக்குப் போனவர் வழியிலுள்ள மலை, அருவி, கடற்கரை ஆகியவற்றையும் பார்த்துவிட்டு வர முடிந்தது.

இந்த ஏற்பாட்டால் மூவருக்கும் நன்மை இருந்தது. கோடை விடுமுறையில் இரயில் பெட்டிகள் நிரம்பின. சங்கத்தின் கருவூலம் நிறைந்தது. ஆசிரியருக்குப் பாதிச் செலவில் நாட்டைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1888இல் சான் பிரான்சிஸ்கோ, 1895இல் டென்வர், 1899இல் லாஸ் ஏஞ்சல்ஸ் என்று மாநாடு மேற்குத் திசை நகரங்களுக்குச் சென்றதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, சங்கத்தின் மாநாடும் அங்கேயே கூடியது.

படிப்பை விட்டு உல்லாசத்துக்காக வருகிறார்கள் என்று இதைக் குறை கூறுவது எளிது. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். 1900 வாக்கில் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். சுற்றுலாச் சலுகை அவர்களை மாநாட்டுக்குக் கொண்டு வந்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர், பிற நகரங்களின் சம்பள விவரங்களைத் தெரிந்துகொண்டனர். 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் மாநாட்டில்தான் சிகாகோ ஆசிரியை மார்கரெட் ஹேலி, ஆசிரியர்கள் ஏன் அமைப்பாகத் திரள வேண்டும் என்று உரையாற்றினார். 1910இல் எல்லா ஃபிளாக் யங் சங்கத்தின் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொருட்காட்சி பார்க்க வந்தவர்களுக்கு வாக்களிக்கவும் உரிமை இருந்தது.

பைக்ஸ் சிகரத்துக்கு ஒரு பயணம்

ஆசிரியர்களின் கோடைப் பயணம் அமெரிக்கப் பண்பாட்டுக்குத் தந்த கொடை ஒன்றும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெல்லஸ்லி கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கேத்தரின் லீ பேட்ஸ், 1893ஆம் ஆண்டு கோடைகால வகுப்பு நடத்தக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். வகுப்புக்காகப் பல ஊர்களிலிருந்து வந்திருந்த ஆசிரியர்கள் சேர்ந்து வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு, சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்குப் புறப்பட்டனர். உச்சிக்கு அருகே வண்டியை விட்டுக் கோவேறு கழுதைகளில் ஏறிச் சென்றனர். அங்கிருந்து கண்ட காட்சி பேட்ஸின் மனத்தில் ஒரு கவிதையாக உருவானது. 1895 ஜூலை 4 அன்று அது அச்சில் வந்தது. பின்னர் இசையமைக்கப்பட்டு, "அழகிய அமெரிக்கா" என்று பொருள்படும் தலைப்பில் நாடெங்கும் பாடப்படும் தேசபக்திப் பாடலாயிற்று.

இது சங்க மாநாடு அன்று, கோடை வகுப்பு. எனினும் ஊர்விட்டு ஊர் வந்த ஆசிரியர்கள் சேர்ந்து செல்லும் பயணத்துக்கு அக்காலத்தில் இருந்த செல்வாக்கை இந்நிகழ்வு நன்கு காட்டுகிறது.

விருந்து மேசையில் நடந்தது என்ன?

பள்ளி ஆசிரியர்களுக்குச் சுற்றுலா எப்படியோ, கல்லூரி ஆசிரியர்களுக்கு இரவு விருந்து அப்படி. கல்லூரி ஆசிரியர்களின் துறைச் சங்கங்கள் 1880-களிலிருந்து ஒவ்வொன்றாகத் தோன்றின. 1888இல் நியூயார்க்கில் தொடங்கிய கழகம் பின்னாளில் அமெரிக்கக் கணிதவியல் கழகம் ஆயிற்று. அது ஆராய்ச்சிக்கு முதன்மை தந்தது. கல்லூரியில் கணிதம் கற்பிப்பதற்கு முதன்மை தரும் அமெரிக்கக் கணிதச் சங்கம் 1915 டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தொடங்கப்பட்டது. வட்டாரம் தோறும் இதற்குக் கிளைகள் உண்டு. கிளைகள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும்.

இக்கூட்டங்களில் பகலில் கட்டுரை வாசிப்பு நடக்கும். கட்டுரைகள் பின்னர் இதழில் அச்சாகும். வராதவரும் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். மாலை விருந்தில் நடப்பது எந்த இதழிலும் அச்சாகாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் காலியாகிறது, யார் மாணவரைத் தேடுகிறார், எந்தக் கணக்கில் யார் எங்கே நின்றுபோனார் என்பன அங்கேதான் பேசப்படும். அக்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியர் பணியிடங்கள் பெரும்பாலும் விளம்பரம் இன்றி, ஒருவரையொருவர் அறிந்தவர்களின் பரிந்துரையால் நிரப்பப்பட்டன. ஆகவே விருந்துக்கு அழைக்கப்படாதவர் உணவை மட்டும் இழக்கவில்லை.

இதைப் பெண் ஆசிரியர்கள் முதலில் உணர்ந்தனர். வரலாறு போன்ற துறைகளின் சங்கக் கூட்டங்களில் "ஸ்மோக்கர்" என்ற மாலைச் சந்திப்பு வழக்கமாக நடந்தது. சுருட்டும் பேச்சுமாக நீளும் இச்சந்திப்பு தொடக்கப் பத்தாண்டுகளில் ஆண்களுக்கு உரியதாகவே இருந்தது. பெண்களுக்குத் தனியே தேநீர் விருந்து வைக்கப்பட்டது. கட்டுரை வாசிக்க மேடையில் இடம் உண்டு, மாலையில் தீர்மானங்கள் உருவாகும் அறைக்குள் இடம் இல்லை. இதே ஏற்பாடு இன்னும் கடுமையான வடிவில் கறுப்பின ஆசிரியர்களுக்குக் காத்திருந்தது.

இன ஒதுக்கலும் உணவும்

உள்நாட்டுப் போருக்குப்பின் தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டங்கள் படிப்படியாக இயற்றப்பட்டன. இரயிலில் தனிப்பெட்டி என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை 1896இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் பிரிக்கப்பட்டன. இவற்றுள் மிகக் கடுமையாகக் காக்கப்பட்டவற்றுள் ஒன்று உணவு மேசை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரச் சட்டத்தின்படி, ஒரே உணவகத்தில் இரு இனத்தாருக்கும் பரிமாற வேண்டுமானால் நடுவே குறைந்தது 7 அடி உயரமுள்ள தடுப்புச் சுவரும், தெருவிலிருந்து தனித்தனி வாசலும் இருக்க வேண்டும். ஒரே கடையில் பொருள் வாங்கலாம், ஒரே மேசையில் உண்ணக் கூடாது. ஒரே பந்தியில் உட்காருவது சமத்துவத்தை ஒப்புக்கொள்வதாகக் கருதப்பட்டதே இதற்குக் காரணம்.

இதன் விளைவாக ஆசிரியர் அமைப்புகளும் இரண்டாயின. கறுப்பினப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காக 1904இல் ஜே. ஆர். இ. லீ முன்னின்று தனித் தேசியச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அது அமெரிக்க ஆசிரியர் சங்கம் என்று பெயர் மாறியது. பெரிய விடுதிகளில் அறை கிடைக்காத ஊர்களில், வெளியூரிலிருந்து வந்த கறுப்பின ஆசிரியர்கள் கல்லூரி விடுதிகளிலும் இனத்தவர் வீடுகளிலும் தங்கினர். வழியில் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று அறிவதற்கு 1936 முதல் ஒரு வழிகாட்டி நூல் அச்சாகி வந்தது. நியூயார்க் அஞ்சல் ஊழியரான விக்டர் கிரீன் வெளியிட்ட அந்நூல் "பச்சைப் புத்தகம்" என்று அறியப்பட்டது. வெள்ளை ஆசிரியர் கையில் சலுகைப் பயணச்சீட்டு இருந்தது, கறுப்பின ஆசிரியருக்கு இப்படி ஒரு நூல் தேவைப்பட்டது.

அதே 1936ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாடு நடந்தது. கறுப்பின நூலகர்கள் கூட்டங்களில் ஒதுக்கப்பட்ட இடத்தில் அமரலாம். உணவுடன் நடக்கும் கூட்டங்களில் கலந்துகொள்ள முடியாது. மாநாட்டு விடுதியில் தங்கவும் முடியாது. இதற்குக் கடும் எதிர்ப்பு எழவே, எல்லா உறுப்பினரும் சமமாகக் கலந்துகொள்ளக்கூடிய இடங்களில் மட்டுமே இனி மாநாடு என்று அச்சங்கம் முடிவெடுத்தது. தேசியக் கல்விச் சங்கமும் 1943இல், பிரதிநிதிகளிடம் நிறவேறுபாடு காட்டும் நகரங்களில் தன் பேரவையைக் கூட்டுவதில்லை என்று தீர்மானித்தது. ஆனால் தென் மாநிலங்களில் இருந்த அதன் கிளைச் சங்கங்கள் பல, அப்போதும் இனவாரியாகப் பிரிந்தே இயங்கின.

ஓர் அழைப்புக் கடிதம், 1947

கணித ஆசிரியர்களிடையே இப்பிரச்சினை தனி மனிதர் ஒருவருக்கு வந்த கடிதம் ஒன்றில் வெளிப்பட்டது. ஜே. எர்னஸ்ட் வில்கின்ஸ் சிறுவயதிலேயே மேதை என்று பெயர் பெற்றவர். 13 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 19 வயதில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். டஸ்கீகி நிறுவனத்தில் ஆசிரியராக இருந்தார். போர்க்காலத்தில் அணு ஆய்வுத் திட்டத்தில் பணியாற்றினார்.

1947இல் அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் கூட்டம் ஒன்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடைபெற இருந்தது. கழகத்தின் சார்பில் வில்கின்ஸுக்கு அழைப்பு வந்தது. அவர் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் நல்ல கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஏற்பாடு செய்திருப்பதாக அக்கடிதம் தெரிவித்தது. மற்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் விருந்தோம்பல், இவருக்கு மட்டும் வேறு வீட்டில் இலை. அன்பாக எழுதப்பட்ட கடிதம்தான். வில்கின்ஸ் போக மறுத்தார். அதன்பின் தென்கிழக்கு மாநிலங்களில் நடந்த கழகக் கூட்டங்களுக்கு அவர் செல்லவே இல்லை.

நாஷ்வில், 1951

நான்கு ஆண்டுகள் கழித்து இச்சிக்கல் பொதுவெளிக்கு வந்தது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் உள்ளது. விடுதலை பெற்ற அடிமை மக்களின் கல்விக்காக 1866இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. 1951இல் இதன் கணிதத் துறைத் தலைவராக இருந்தவர் லீ லார்ச் என்ற வெள்ளையர். நியூயார்க்கில் ஒரு பெரிய குடியிருப்பில் கறுப்பினத்தவருக்கு வீடு மறுக்கப்பட்டதை எதிர்த்துப் போராடியதால், முன்பு இரண்டு கல்வி நிறுவனங்களில் வேலை இழந்தவர்.

அவருடைய துறையில் எவ்லின் பாய்டு இருந்தார். 1949இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கணிதத்தில் அப்பட்டம் பெற்ற இரண்டாவது ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி அவர். வால்டர் பிரவுன், எச். எம். ஹாலோவே ஆகிய கறுப்பின ஆசிரியர்களும் உடன் பணியாற்றினர்.

அவ்வாண்டு அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் தென்கிழக்குக் கிளைக் கூட்டம் நாஷ்வில் நகரிலேயே நடந்தது. லார்ச்சும் சக ஆசிரியர் மூவரும் சென்றனர். ஆய்வுரை அமர்வுகளில் அமர அவர்களுக்குத் தடை இல்லை. கூட்டத்தின் நிறைவு விருந்துக்கும் அவர்கள் முன்பதிவு செய்திருந்தனர். ஆனால் விருந்துக்குப் பொறுப்பானவர் அந்த நால்வரின் முன்பதிவை ஏற்க மறுத்துவிட்டார்.

இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. இரயில் உணவுப் பெட்டியில் கறுப்பினப் பயணிகளைத் திரையிட்டுப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1950 ஜூன் மாதத்தில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எல்மர் ஹெண்டர்சன் என்ற பயணி 1942இல் தமக்கு உணவுப் பெட்டியில் இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. ஓடும் இரயிலில் திரை அகன்ற மறு ஆண்டில், கற்றவர்கள் கூடிய கூட்டத்தில் விருந்து மறுக்கப்பட்டது. சூத்திரம் எழுதிய கரும்பலகை பொதுவாக இருந்தது, சோறு இட்ட மேசை பொதுவாக இல்லை.

கடிதமும் அதன் விளைவும்

ஃபிஸ்க் ஆசிரியர்கள் வாய் திறக்காமல் வீடு திரும்பியிருக்கலாம். ஒரு வேளை உணவுக்காகவா சண்டை என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கணிதச் சங்கம், கணிதவியல் கழகம் ஆகிய இரண்டின் ஆட்சிக் குழுக்களுக்கும் எழுதினர். எந்த உறுப்பினரையும் இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்பதை அமைப்பு விதிகளிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டனர். நடந்ததை விவரிக்கும் அவர்களின் கடிதம் 1951 ஆகஸ்ட் 10 அன்று "சயன்ஸ்" இதழில் வெளிவந்தது. உள்ளூர் விருந்து ஒன்றின் செய்தி நாடெங்கும் உள்ள அறிவியலாளர் கண்ணில் பட்டது.

கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. அமைப்பு விதிகள் மாற்றப்படவில்லை. ஆனால் பாகுபாடு காட்டக் கூடாது என்பது இரு அமைப்புகளின் கொள்கையாக ஏற்கப்பட்டது. இடைக்காலத்தில் சறுக்கல்கள் இருந்தன என்பதைப் பின்னால் காணலாம்.

லார்ச் இதற்குப் பின்னும் விலை கொடுத்தார். 1955இல் ஃபிஸ்க்கிலும் வேலை போயிற்று. அவருடைய மனைவி கிரேஸ் லார்ச்சும் ஆசிரியைதான். திருமணமான பெண்ணுக்கு ஆசிரியப் பணி இல்லை என்ற விதியை எதிர்த்துப் பாஸ்டன் நகரில் போராடியவர். 1957 செப்டம்பர் 4 அன்று லிட்டில் ராக் நகரப் பள்ளி வாசலில் வெறிக்கூட்டத்தின் நடுவே தனியாக நின்ற கறுப்பின மாணவி எலிசபெத் எக்ஃபோர்டுக்குத் துணையாக நின்று பேருந்தில் ஏற்றிவிட்டவர் இவரே. பின்னர் இக்குடும்பம் கனடாவில் குடியேறியது. 2007இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் தன் உயரிய சேவை விருதை லார்ச்சுக்கு அளித்தது. 2014இல் 98ஆம் வயதில் அவர் காலமானார்.

தேநீர்க் கடையில் நடந்த கணிதம்

எவ்லின் பாய்டு ஃபிஸ்க்கில் கற்பித்தது இரண்டு ஆண்டுகளே. அந்தக் குறுகிய காலத்தில் அவரிடம் பயின்றவர்களுள் விவியன் மலோன்-மேயஸ், எட்டா ஃபால்கனர் ஆகிய இருவர் பின்னாளில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றனர்.

மலோன்-மேயஸ் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். அங்கே அவருடைய நெறியாளரும் சக மாணவர்களும் அருகிலிருந்த காப்பிக் கடையில் கூடிக் கணிதம் பேசுவது வழக்கம். அந்தக் கடை வெள்ளையருக்கு மட்டுமே உரியது. வகுப்பறையில் உடன் அமர்ந்தவர், வகுப்பு முடிந்தபின் நடந்த பேச்சில் கலந்துகொள்ள முடியவில்லை. இந்தத் தனிமையைப் பற்றி அவரே பின்னாளில் எழுதினார். ஆய்வு மாணவர் கற்பதில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே நடக்கும் பேச்சில்தான் என்பதைக் கற்பித்தவர்கள் அனைவரும் அறிவர். 1966இல் அவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, முன்பு அவரை மாணவியாகச் சேர்க்க மறுத்த பேலர் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக ஏற்றது.

1960: ஒரே ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

1951ஆம் ஆண்டுக் கடிதத்துக்குப் பின்னும் வட்டாரக் கிளைகளில் பழைய வழக்கம் உடனே மறையவில்லை. 1960இல் தென்கிழக்குக் கிளையின் கூட்டம் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அட்லாண்டா பல்கலைக்கழகத்திலிருந்து இரு ஆசிரியர்களும் ஓர் ஆய்வு மாணவரும் வந்தனர். ஆசிரியர்களுள் ஒருவர் அப்துலாலிம் ஷபாஸ். மற்றவர் எஸ். சி. சக்சேனா என்ற இந்தியர். மற்ற உறுப்பினர்களுக்கு வளாகத்தில் தங்குமிடம் இருக்க, இவர்கள் வெளியே தங்கித் தனியாக உண்ண வேண்டும் என்று கூறப்பட்டது. மூவரும் கூட்டத்தில் கலந்துகொள்ளாமல் திரும்பிவிட்டனர்.

அதே ஆண்டு பிப்ரவரி 13 அன்று நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் உள்ளிட்ட கல்லூரிகளின் கறுப்பின மாணவர்கள் கடைவீதி உணவு மேடைகளில் போய் அமர்ந்து உணவு கேட்டனர். பரிமாற மறுத்தபோது எழுந்து போகவில்லை. அடித்தபோது திருப்பி அடிக்கவில்லை. காந்தியின் அறவழியை ஜேம்ஸ் லாசனிடம் பயின்றவர்கள் அவர்கள். மெதடிஸ்ட் சமயப் பணியாளராக இந்தியாவில் நாக்பூரில் சில ஆண்டுகள் இருந்து, அம்முறையைக் கற்றுத் திரும்பியவர் லாசன். ஃபிஸ்க் மாணவி டயான் நாஷ் முன்னணியில் நின்றார். மே 10 அன்று நகரின் ஆறு கடைகள் கறுப்பினத்தவருக்கும் உணவு பரிமாறத் தொடங்கின. ஒன்பது ஆண்டுகளுக்குமுன் ஆசிரியர்களுக்கு விருந்து மறுக்கப்பட்ட ஊரில், மாணவர்கள் மேசையைத் திறந்தனர். 1964 ஜூலை 2 அன்று நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், உணவகங்களிலும் விடுதிகளிலும் இனப்பாகுபாட்டை நாடு முழுவதும் தடை செய்தது.

பிற்கால மாற்றங்கள்

சட்டம் வந்தபின் சங்கங்களும் இணைந்தன. 1966இல் மயாமி பீச் நகரில் நடந்த மாநாட்டில் தேசியக் கல்விச் சங்கமும் அமெரிக்க ஆசிரியர் சங்கமும் ஒன்றாயின. 1968இல் எலிசபெத் டங்கன் கூன்ட்ஸ் அதன் முதல் கறுப்பினத் தலைவரானார். மாநிலக் கிளைகள் அனைத்தும் இணைந்து முடிய 1970-களின் பிற்பகுதி ஆயிற்று.

கணித ஆசிரியர்களிடையே 1969இல் கறுப்பினக் கணிதவியலாளர்களின் தேசியச் சங்கம் உருவானது. ஆண்டுதோறும் நாட்டின் கணித அமைப்புகள் சேர்ந்து கூடும் பெருங்கூட்டத்தில் இச்சங்கமும் பங்கேற்கிறது. அங்கே இது நடத்தும் முக்கிய நிகழ்ச்சி ஓர் இரவு விருந்து ஆகும். விருந்தையொட்டி காக்ஸ்–டால்பட் நினைவுரை நிகழ்த்தப்படுகிறது. 1925இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் எல்பர்ட் காக்ஸ். அவருக்குச் சில ஆண்டுகள் பின் பட்டம் பெற்றவர் வால்டர் டால்பட். ஒருகாலத்தில் தமக்கு மறுக்கப்பட்ட நிகழ்ச்சியையே இச்சங்கத்தினர் தம் முன்னோரை நினைவுகூரும் மேடையாக ஆக்கிக்கொண்டனர்.

எவ்லின் பாய்டு, பிற்காலத்தில் எவ்லின் பாய்டு கிரான்வில் என்ற பெயரில், அமெரிக்க விண்வெளித் திட்டங்களுக்கான கணிப்புப் பணிகளில் ஈடுபட்டார். பின்னர் மீண்டும் கல்லூரி ஆசிரியரானார். 2023இல் 99ஆம் வயதில் மறைந்தார்.

வரலாறு காட்டுவது

மாநாட்டின் சமூக நிகழ்ச்சிகளை இரண்டு விதமாக மதிப்பிடலாம். கல்விக்குத் தொடர்பற்ற பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது ஒன்று. சங்கத்தின் உறுப்பினர் யார் என்பதை நிர்ணயிக்கும் இடம் என்று கருதுவது மற்றொன்று. மேற்கண்ட நிகழ்ச்சிகள் இரண்டாவது மதிப்பீட்டையே உறுதி செய்கின்றன. பயணச்சலுகையும் சுற்றுலாவும் குறைந்த சம்பளம் பெற்ற ஆசிரியைகளை மாநாட்டுக்குள் கொண்டு வந்தன, அவர்கள் வந்தபின் சங்கம் மாறியது. விருந்து மறுப்பு, தகுதி நிறைந்த ஆசிரியர்களைச் சங்கத்துக்கு வெளியே நிறுத்தியது. வில்கின்ஸ் வராமல் போனதால் தென்கிழக்குக் கூட்டங்கள் இழந்தது ஒரு விருந்தினரை அன்று, ஒரு கணிதவியலாளரை.

ஆசிரியர் மாநாடு நடத்துவோர் இன்றும் முதலில் கவனிப்பது மேடையையும் பேச்சாளரையும்தான். தங்குமிடம், உணவு, மாலைப் பயணம் ஆகியவை ஒரு துணைக்குழுவிடம் விடப்படுகின்றன. 1951இல் நாஷ்வில் கூட்டத்திலும் முடிவு எடுக்கப்பட்டது விருந்துக்குப் பொறுப்பானவரிடம்தான். அந்த முடிவை ஏற்காமல் நான்கு ஆசிரியர்கள் எழுதிய கடிதமே அக்கூட்டத்தை இன்று நினைவில் வைத்திருக்கிறது.